ரசீது இல்லாமல் வந்தவர்

ஃபர்வானியாவில், மசூதியின் பின்சந்தில்
எங்கள் லாண்டரி.
போலீஸ் சட்டை வந்தால்
தண்ணீர் படுமுன் கழற்ற வேண்டியதற்கு
ஒரு கணக்கு உண்டு:
தோள் நட்சத்திரம், மார்புச் சின்னம், பெயர்த்தகடு,
கையில் ஒட்டிய துணிப்பட்டை.
எல்லாம் நிடோ டப்பாவுக்குள்,
சட்டை எண்ணோடு, என் கையெழுத்தோடு.

"சட்டை கிழிந்தால் காசு கொடுக்கலாம்.
இதிலே ஒண்ணு தொலைஞ்சா
வருஷம் கொடுக்கணும்" என்பார்
முதலாளி குஞ்ஞாலி.
கல்லாவுக்கு மேலே
சட்டம் சொல்லும் அரபித்தாள் ஒட்டியிருக்கிறது.
எனக்குப் புரிந்தது
அதன் சிவப்பு முத்திரை மட்டும்.

போன ரமலானில் ஒருவன் வந்தான்.
நம்ம ஊர்ப் பேச்சு, நல்ல அத்தர்.
ஒரு சின்னம், ஒரு ராத்திரிக்கு, இருபது தினார்.
"சங்கத்துல நாடகம் போடுறோம் அண்ணே."

அந்த நாடகம் எனக்குத் தெரியும்.
ஜிலீபில், சம்பள நாள், குப்பைத்தொட்டி ஓரம்,
உள்ளங்கையில் எதையோ மின்னக் காட்டி
"பத்தாக்கா" என்றான் ஒருவன்.
அட்டையை எடுக்கப் பர்ஸைத் திறந்தேன்.
பர்ஸோடு போனான்.
ஸ்டேஷனில் கேட்டார்கள், முகம் எப்படி?
முகத்தை யார் பார்த்தது?
மீசை உண்டா, தெரியாது.
அந்த மினுக்கத்தைக் கேட்டால்
இன்றைக்கும் வரைந்து காட்டுவேன்.

இல்லை என்றேன்.
இருபதை முப்பதாக்கினான்.
இஸ்திரியின் நீராவியை
அவன் பக்கம் ஒருதரம் அழுத்தினேன்.
போய்விட்டான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
அன்றிரவு ஷட்டரை இறக்கியபின்
நானும் ஒரு நட்சத்திரத்தை எடுத்துப்
பனியன் தோளில் வைத்துப் பார்த்தேன்.
கண்ணாடியில் நின்றவனுக்குக் காட்ட
என் கையே
பையைத் தடவிப் போனது, அட்டை தேடி.
டப்பாவில் போட்டு
இரண்டுமுறை எண்ணினேன்.

மறுநாள் மத்தியானம்
ரப்பர் செருப்பு, தூக்கம் தெளியாத கண்,
டீக்கறை பட்ட பனியனோடு ஒரு ஆள்.
ஹேங்கரில் தொங்கிய காக்கி அல்லாத அந்தச் சட்டையை,
நீலத்தை, காட்டி
"மால் அனா" என்றார்.
ரசீது? கையை விரித்தார்.
தோளில் ஒன்றும் இல்லை. மார்பில் ஒன்றும் இல்லை.
யாராகவும் இருக்கலாம்.

டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டு,
பதினோரு வருஷத்தில் முதல்தரம்,
நான் கேட்டேன்:
"பத்தாக்கா?"

மேலும் கீழும் பார்த்தார்.
கல்லாவில் காசு எண்ணும் சத்தம் நின்றது.
பிறகு தன் பையைத் தட்டினார், காலி.
"சையாரா" என்று வெளியே விரலைக் காட்டி
வெயிலில் இறங்கி நடந்தார்,
எடுத்து வர.