நகல் அறை

காலை ஏழரை. கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி
முற்றத்தின் மேல் கட்டிய வலையில் சிக்கிக் கிடக்கிறது.
ட்ரோன்களுக்காகக் கட்டிய வலை.
இதுவரை அதில் விழுந்தவை
இரண்டு கடற்காகங்கள், ஒரு டென்னிஸ் பந்து,
எவனும் தன்னுடையதென்று சொல்லாத ஒற்றைக் காலுறை.

என் வேலை தபால்.
கையுறை மாட்டி உறையைக் கிழிக்கிறேன்,
கண்ணாடிமேல் கவிழ்த்து மூடியை அழுத்துகிறேன்.
ஒரு வெளிச்சம் இடமிருந்து வலமாக நடந்துபோகிறது,
இரவு ரோந்துக்காரனின் டார்ச் மாதிரி.
நகல் உள்ளே போகும்.
அசல் பழுப்பு உறையில், கைதியின் எண்ணோடு,
விடுதலை நாள்வரை கிடங்கில் கிடக்கும்.

கடிதத்தையே போதையில் ஊறவைத்து அனுப்புகிறார்கள்.
உலர்ந்தபின் அது வெறும் தாள்,
'அன்புள்ள' என்றுதான் தொடங்கும்.
நகக்கண் அளவு கிழித்துப் புகைத்தால் போதும்,
ஆள் மேசையாகிவிடுவான்.
போன மார்ச்சில் சி கூடத்தில் ஒருவன் மேசையாகி
திரும்பி வரவேயில்லை.
அவனுடைய தட்டு மதியம்வரை கதவருகே இருந்தது.

ஆகவே உதட்டுச்சாய முத்தங்கள்
என் கையில் சாம்பல் கறையாகின்றன.

ருவாரி இம்ரிக்கு வரும் உறைகளைப் பிரிக்காமலே தெரியும்,
க்ரேயான் வெளியே வழிந்திருக்கும்.
மகள் எஃபி, ஆறு வயது. அவளுக்கு எல்லாமே படகு.
வீடு படகு, பள்ளிக்கூடம் படகு,
அப்பா ஒரு பாய்மரத்தில் முளைத்த இரண்டு கைகள்.
படகுதோறும் மூலையில் ஒரு நாய்.
வண்ண மைக்குச் சிறையில் நிதி இல்லை.
தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பேன்:
'கடல் ஆரஞ்சு. நாய் ஊதா.'
விதியில் இல்லை. கூடாதென்றும் இல்லை.

அக்டோபரில் ஒரு படகு
சிவப்பு விளக்கை எரியவிட்டது.
துடைத்த பஞ்சைச் சோதனை இயந்திரம் தின்று, யோசித்து, கத்தியது.
மறுபடி துடைத்தேன். மறுபடி கத்தியது.
தாள் லேசாக அலையோடியிருந்தது
மழையில் நனைந்து காய்ந்ததுபோல்.
போலீஸ் வந்து சீல் வைத்து எடுத்துப்போனார்கள்.
நகல் குற்றமற்றது. அனுப்பினேன்,
ஓரத்தில் எதுவும் எழுதாமல்.

செவ்வாய்தோறும் மீட்புக் குழு.
வட்டமாகப் பத்து நாற்காலி, கதவோரம் நான்,
இடுப்பில் சாவி, சட்டையில் அலாரம்,
காது கேட்காதவள்போல் இருக்கச் சம்பளம்.
இம்ரி பேச மாட்டான்.
காலையில் பச்சை மெதடோனை விழுங்கிவிட்டு
வாயில் மிச்சமில்லை என்று காட்டப் பெயரைச் சொல்வான்,
அன்றைய பேச்சு அவ்வளவுதான்.
எட்டாவது வாரம் வாய் திறந்தான்.

"மச்சானிடம் நான்தான் சொன்னேன்,
பிள்ளையின் படத்தை யார் சந்தேகப்படுவார்கள் என்று.
வந்தது நகல். நகல் என்று தெரியும்.
தெரிந்தும் மூலையைக் கிழித்து மென்றேன்.
நாய் இருந்த மூலை.
மைத்தூள் ருசி, வேறொன்றுமில்லை.
நகலை நக்கினவன் நான்."
சிரிக்கப் பார்த்தான். ஒருவரும் சேரவில்லை.
பக்கத்து நாற்காலி டூகல், இருபது வருடம் ஊசிக்காரன்,
தன் பிஸ்கட்டை உடைத்து
பாதியை இம்ரியின் முழங்காலில் வைத்தான்.

அன்றிரவு படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
பாதுகாப்பு. மறுவாழ்வு.
ஒரே வாக்கியத்தை இரண்டிலும் எழுதினேன்.
ஒன்றைப் படித்தவர்கள் 'முன்னேற்றம்' என்றார்கள்.
மற்றதைப் படித்தவர்கள்
மகளைப் பார்க்கும் நாளை ஆறு வாரம் ரத்து செய்தார்கள்.
அவன் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

ஜூன். விடுதலை மேசையில் பழுப்பு உறையை நீட்டினேன்.
நின்றபடியே முதல் படத்தை உருவினான்.
"ஆரஞ்சு," என்றான்.
அடுத்தது. "ஊதா."
பிறகு என்னைப் பார்த்து,
"சும்மா எழுதுகிறீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்."

பட்டியலில் நாற்பத்தொன்று, உறையில் நாற்பது.
குறைவுக்குக் காரணம் கேட்கும் கட்டத்தில்
'நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.
அது அதிகாரி நிரப்ப வேண்டிய கட்டம்.
அடிக்கவில்லை, அப்படியே கோப்பில் வைத்தேன்.

பேருந்துக்கு இருபது நிமிடம் இருந்தது.
காற்றுக்குப் பயந்து உறையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
நிறுத்தத்தில் நிற்கிறான்.
வலையில் எதுவோ விழுந்திருக்கிறதாம்,
ரேடியோவில் ஏணி கேட்கிறார்கள்.
கையுறையைத் தேடுகிறேன்.