இருநூற்றுத் தொண்ணூறு டிகிரிக் குளிர்

இங்கே இரண்டு தொட்டிகள்.
சூட்டுத் தொட்டி ஐந்நூற்று அறுபது டிகிரி.
குளிர்த் தொட்டி இருநூற்றுத் தொண்ணூறு.
குளிரில் விரலை வைத்தால்
விரல் இருக்காது.
ஆனாலும் பெயர் அதுதான்.
புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் சிரிப்பார்கள்,
அப்புறம் அவர்களே சொல்வார்கள்:
"குளிர்ப்பக்கம் போகிறேன், வால்வைப் பார்க்க."

வெடியுப்பே,
இதே அட்டகாமாவில் உன்னை வெட்டியெடுத்து
மூட்டை கட்டிக் கப்பலேற்றினார்கள்.
பாதி நீ கோதுமை வயலுக்குப் போனாய்,
பாதி பீரங்கி வாய்க்கு.
இப்போது எங்கும் போவதில்லை.
உருகித் தண்ணீராய்த் தெளிந்து
பகலெல்லாம் கோபுரம் ஏறுகிறாய்.
பத்தாயிரம் கண்ணாடிகள் உன் முகத்தில் வெயிலடிக்கும்.
இறங்கி வந்து
இருட்டுக்குக் காத்திருப்பாய்.

என்னை உனக்குத் தெரியும்.
எடுவிஹிஸ் கோல்கே, இரவுப் பணி,
இடது கையுறையில் ஓட்டை.
உன்னிடம் எனக்கு ஒரே பயம்:
இருநூற்று நாற்பதுக்குக் கீழே இறங்கினால்
குழாய்க்குள்ளேயே கல்லாவாய்.
அணைவதற்கல்ல,
உறைவதற்குப் பயப்படும் அடுப்பு நீ.

ஆகஸ்டில் மேகம் வந்தது.
முதல் நாள் ஊரே படம் எடுத்தது.
இரண்டாம் நாள் கண்ணாடிகள்
சாம்பலைப் பார்த்தபடி நின்றன.
மூன்றாம் இரவு ஒன்பது மணிக்கு
திரையில் உன் மட்டம் ஒரு மீட்டர் பத்து.
வெளியே மைனஸ் ஆறு.

எளிய கணக்கு. அதனால்தான் கொடியது.
உன் சூட்டில் நூறு பங்கை டர்பைனுக்குக் கொடுத்தால்
நாற்பது மின்சாரமாகும்,
அறுபதை அது உதறிவிடும்.
அந்த உதறலைப் பிடித்துத்தான்
ஊருக்குள் குழாயில் விடுகிறோம்,
ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கு,
ஃபெர்மின் திகோனாவின் ரொட்டிக் கடைக்கு.
எச்சில் வெப்பம் என்பார் பொறியாளர்.
அந்த எச்சிலில்தான்
நானூறு வீடுகள் போர்வையை உதைத்துத் தூங்குகின்றன.

இரண்டும் கொடுத்தால் அதிகாலை மூன்று வரை.
டர்பைனை நிறுத்தி
வெறும் சூட்டை மட்டும் அனுப்பினால்
ஏழு வரை.
ஆஸ்பத்திரி விளக்குக்கும் பம்புகளுக்கும் டீசல் இருக்கிறது.
விதிப்புத்தகத்தில் வெளிச்சமும் இருக்கிறது, வெப்பமும் இருக்கிறது,
எது முதலில் என்பது இல்லை.
சான்டியாகோவில் மேலாளரின் போன்
அடித்து அடித்து ஓய்ந்தது.

நிறுத்தினேன்.

டர்பைன் ஒரேயடியாக நிற்காது.
அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி
கோபம் தணிகிறவன் மாதிரி
முனகிக்கொண்டே அடங்கும்.
ஜன்னலில் ஊர் தெருத்தெருவாக அணைந்தது.
நட்சத்திரமாவது தெரியும் என்று எட்டிப் பார்த்தேன்.
மேகம்.
ஒன்றுமில்லை.
இருட்டு, அவ்வளவுதான்.

நாலு மணிக்கு ஃபெர்மின் கூப்பிட்டான்.
"கடையில விளக்கு இல்ல, எடு."
"மாவு?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
தடவித் தடவித் தேடுகிறான்,
ஏதோ தகரம் விழுந்து உருள்கிறது.
"பொங்கியிருக்கு."
"அப்ப இருட்டுலயே பிசை."
திட்டினான்.
திட்டிக்கொண்டே பிசைகிற சத்தம் கேட்டது,
போனை வைக்க மறந்துவிட்டான்.
நானும் வைக்கவில்லை.
ஒருகண் திரையில்,
ஒருகாது மாவில்.

அறுபது சென்டிமீட்டர்.
நாற்பத்தைந்து.
முப்பது.
முப்பதுக்குக் கீழே யாருக்கும் எதுவும் கிடையாது,
மீதி உனக்கு,
நீ உறையாமல் இருக்க.

ஏழேகாலுக்குக் கிழக்கே மேகம்
பழைய துணி மாதிரி ஓரத்தில் கிழிந்தது.
கண்ணாடிகள் ஒவ்வொன்றாகத் தலை திருப்பின.
சான்டியாகோவிலிருந்து கடிதம்:
நேற்றிரவு விற்காத மின்சாரத்துக்கு
மதியத்துக்குள் விளக்கம் வேண்டும்.

வாசலில் ஒரு காகிதப் பை.
உள்ளே எட்டு ரொட்டி,
ஒன்று மாதிரி ஒன்று இல்லை,
ஒன்றில் கட்டைவிரல் தடம்கூட.
விளக்கத்தின் முதல் வரியை யோசித்தபடி
பிய்த்து வாயில் போட்டேன்.

உப்புக் கொஞ்சம் தூக்கல்.