எருமைக்கு அடுத்த எண்

நகோன் சவான் நகராட்சி, மூன்றாம் மாடி.
ஏசி நின்று இருபது நிமிஷம்.
பழைய கடைப் பதிவேட்டைப் புதிய கணினிக்கு
மாற்றிக்கொண்டிருக்கிறாள் ஓரபின்.
பன்னிரண்டாயிரத்து நானூறு கடை,
நாளை காலை எட்டரைக்குள்.

ஓடிக்கொண்டிருந்த பட்டியல்
ஒரு வரியில் தடுக்கி நின்றது:
படகுத்துறை, நூடுல்ஸ் கடை, உரிமையாளர் பூன்சோங்.
கடைப் பெயரின் முதல் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில்
¥
ஜப்பான் காசு.

திருட்டு இல்லை, கணக்குதான்.
தாய் எழுத்துக்கு ஒற்றை பைட் போதுமாயிருந்த காலத்தில்
நூற்று அறுபத்தைந்து என்றால் ฅ.
அதே நூற்று அறுபத்தைந்தை
மேற்கத்திய அட்டவணையை விரித்துப் பார்த்த எந்திரம்
யென் என்று படித்து
யென் என்றே எழுதியும் வைத்துவிட்டது.
எண் பொய் சொல்லவில்லை.
எந்த ஊர் எண் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை.
மற்ற எழுத்துகளை எவரோ எப்போதோ
கையால் திருத்தியிருக்கிறார்.
இதை மட்டும் விட்டுவைத்தது
தெரியாமலா, அடிக்க வராமலா?

தாய் அரிச்சுவடியில் எழுத்துக்கு எழுத்து ஒரு துணை உண்டு.
கோழி, முட்டை, புட்டி, எருமை,
அப்புறம் இந்த ฅ, மனிதன்.
புட்டியும் மனிதனும் வழக்கொழிந்தார்கள்.
முதல் தட்டச்சுப் பொறியில் இடம் போதவில்லையாம்.
எருமைக்கும் அவனுக்கும் ஒரே ஒலி என்பதால்
மனிதன் என்ற சொல்லையே இப்போது
எருமையை வைத்துத்தான் எழுதுகிறார்கள்.
யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

"எருமையைப் போட்டுட்டுக் கிளம்பேன்,"
பையை மாட்டியபடி தேர்ட்சக்.
"வாசிக்கிறப்போ வித்தியாசம் தெரியவா போகுது?"

தெரியாது.
அதுதான் அவளுக்கு உறுத்துகிறது.
பூன்சோங் கடையில் சாப்பிட்டிருக்கிறாள். மிளகு அதிகம்.
பலகையில் அந்த எழுத்தைத் தானே சிவப்பில் வரைந்தவர்,
உச்சந்தலையில் சின்னப் பள்ளம் வைத்து.
பள்ளம் இல்லாவிட்டால் எருமை.
கேட்காதவர்களுக்கும் சில்லறையோடு சேர்த்துச் சொல்வார்.

யூனிகோடில் அவனுக்கு இடம் இருக்கிறது.
0E05. எருமைக்கு அடுத்த எண்.
யாரும் எழுதாத எழுத்துக்கும்
வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.
வெளியூர் போகும்போது மூன்று பைட்டாகப் போவான்:
224, 184, 133.
முதலாவது, பின்னால் இருவர் வருகிறார்கள் என்று சொல்லும்.
மற்ற இரண்டும், நாங்கள் தனி ஆள் இல்லை என்று.
ஒன்று வழியில் தொலைந்தாலும்
மிச்சம் ஒரு கேள்விக்குறி.

பெயரின் இரண்டாம் பாதி, படகு.
அதன் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கிறது,
நினைவகத்திலும் முன்னால்தான்.
நம் கொம்பு அப்படி இல்லை.
கண்ணுக்கு முன்னே நின்று காட்டிவிட்டு
உள்ளே மெய்யின் முதுகுக்குப் பின்னால் போய் உட்காரும்.
தாய்க் கொம்புக்கு அந்தப் பாசாங்கு பழக்கமில்லை.

சரி, அடித்துவிடலாம் என்றால்
அவள் விசைப்பலகையில் அந்த ஓரச் சாவி இல்லை.
இருந்த இடத்தில் ஒரு ரப்பர் குமிழ்,
பிஸ்கட் தூள்.

திரையின் மூலையில் மகளின் செய்தி துள்ளியது.
நம்வான், பதினொரு வயது:
ฅ^•.•^ฅ
எப்ப வருவே?

இரண்டு பாதம், நடுவில் பூனை மூஞ்சி.
ஓரபின் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ
பெயர் தெரியாமலே தூக்கி அனுப்பும் பாதம்.
தலையில் பள்ளம்.

இடது பாதத்தை மட்டும் தேர்ந்து
நகலெடுத்து
யென் மீது ஒட்டினாள்.
சேமி.
மூடித் திறந்து பார்த்தாள். இருந்தான்.

பூனைக்கும் இரண்டு பாதம் அப்படியே இருந்தன.
'ரெண்டு மணி நேரம் ஆகும், தூங்கு' என்று அடித்துவிட்டு
அடுத்த வரிக்குப் போனாள்.
சலூன். பழுதில்லை.