சேர்த்தியில்லை

பதிமூன்று அணிகள் என்பதால்
சனிக்கிழமைதோறும் ஒன்றுக்கு ஆட்டமில்லை.
அட்டவணையில் அதன் எதிரே ஒரு கோடு போடுவேன்.
இருபத்திரண்டு வருடமாய் நான் போட்ட கோடுகளை
நட்டு நிறுத்தியிருந்தால்
போர்ட்லாக்கி மைதானத்துக்கு வேலி ஆகியிருக்கும்,
பந்தாவது கடலுக்குப் போகாமல் இருந்திருக்கும்.

ஸ்காட்லாந்தின் வடக்கு விளிம்பில்
எங்கள் லீக் பிறந்தது ஒரு விடுதி மாடியில்.
மது கூடாதென்ற விடுதி.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு, பிப்ரவரி.
ஏழு ஊர்க்காரர்கள், தேநீர், ஒரு சண்டை.
குறிப்பேட்டின் முதல் தீர்மானம்
கோலைப் பற்றியதல்ல:
கடைசி ரயில் நாலு ஐம்பதுக்கு,
ஆகவே ஆட்டம் ஒன்றரைக்கு.
ரயில் நின்று அறுபது வருடம்.
ஆட்டம் இன்னும் ஒன்றரைக்குத்தான்.

ஹெர்ரிங் மீன் ஓய்ந்தால்தான் பருவம் தொடங்கும்,
அதுவரை பதினோரு பேரில் எட்டுப் பேர் படகில்.
முதல் போர் வருடங்களில் பக்கங்கள் வெறுமை.
யாரோ தேதி மட்டும் எழுதி வந்திருக்கிறார்கள்,
சனி, சனி, சனி என்று.

மேலே ஏற வழியில்லை, கீழே விழ இடமில்லை.
கடைசியில் முடித்தவனுக்கும்
அடுத்த ஆகஸ்டில் அதே நாற்காலி.
இன்வர்கார்ல் பதினோரு வருடம் அடியில் கிடந்தது.
வெட்கப்படவில்லை, கம்பங்களுக்குப் பெயின்ட் அடித்தது.
பிறகு தெற்கிலிருந்து கோட்டுக்காரர்கள் வந்து
ஏணி ஒன்றைச் சாத்தினார்கள்.
முதலிடம் பக்கத்து லீக்கின் முதலிடத்தோடு மோத வேண்டும்,
வென்றால் பெரிய டிவிஷனின் கடைசியோடு,
இங்கே ஒன்று, அங்கே ஒன்று.
ஏணி என்றால் இறங்கவும்தானே.
அதைக் கேட்டதும் இன்வர்கார்ல்காரர்
கூட்டத்தில் எழுந்து நின்றார்.
பேசவில்லை. நின்றார்.

நான் சொல்ல வந்தது டூகல் மக்கிம்மியைப் பற்றி.
போர்ட்லாக்கியின் கோல்கீப்பர்.
வாரநாளில் உறைந்த சாலைக்கு
உப்புத் தூவும் லாரி ஓட்டுகிறான்.
நானூறு ஆட்டம். கோல்கீப்பருக்கு ஏது கோல்?
நவம்பரில் ஸ்கார்ஃப்நெஸ்ஸுக்கு எதிராக
அவன் உதைத்த பந்தைக் காற்று வாங்கிக்கொண்டு
திருப்பித் தர மறுத்தது.
நடுக்கோடு தாண்டி, ஒரு குத்து குத்தி,
எதிரே நின்றவன் தலைக்கு மேலாக
வலைக்குள் போய் உட்கார்ந்தது.
ஒன்று, பூஜ்யம்.
நாற்பத்தொரு பேர் பார்த்தோம், இரண்டு நாய்களும்.
டூகல் ஓடவில்லை.
அவ்வளவு தூரம் யார் போவதென்று
கையுறையை இழுத்து விட்டுக்கொண்டான்.

ஜனவரியில் ஸ்கார்ஃப்நெஸ் கடன் தாங்காமல் மூடிக்கொண்டது.
விதி பதினேழு:
பாதியில் விலகும் அணியின் ஆட்டங்கள்
ஆட்டையில் சேர்த்தியில்லை.
சிவப்பு மையும் ரூலரும் எடுத்தேன்.
அவன் அடித்த கோலை
நான் அடித்தேன்.
போர்ட்லாக்கிக்கு மூன்று புள்ளி குறைந்தது.
இன்வர்கார்ல் ஒரு படி மேலே போக
போர்ட்லாக்கி ஏணியின் அடிக்கட்டையில்.
பன்னிரண்டு, இரட்டைப்படை.
பார்க்க லட்சணமாய் இருந்தது, அதுதான் கொடுமை.

ஞாயிறு இரவு அவனே கூப்பிட்டான்.
பின்னால் லாரியின் உப்புச் சத்தம்.
“டோலினா, வர்ற சனி எங்களுக்கு ஆட்டம் உண்டா?”
அது ஸ்கார்ஃப்நெஸ்ஸோடு இருந்தது, இனி இல்லை என்றேன்.
சரி என்றான். வைக்கவில்லை.
“அன்றைக்குக் காற்றையும் அடித்துவிட்டாயா?”

குறிப்பேட்டில் வானிலைக்கு ஒரு பத்தி உண்டு,
முதல் வருடத்திலிருந்து.
எந்த விதியும் அதைப் பேசுவதில்லை.
விரலை வைத்துப் படித்துக் காட்டினேன்:
தென்மேற்கு. பலம்.

“தெற்கு” என்றான்.
“தென்மேற்கு இல்லை டோலினா, நேர் தெற்கு.
உதைத்தவன் நான், எனக்குத் தெரியாதா.”

பென்சிலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.