அடகுச் சீட்டின் பின்பக்கம்

கல்லுக்கட்டிக்குப் பின்னால் இரண்டாவது சந்தில்
நகைக்கடன் கடை.
பதினோரு வருடமாக அங்கே எடை பார்க்கிறேன்,
ஒன்பது வருடமாகத் தலைவலியோடு.

வெயில் ஏறியதும்
இடது புருவத்துக்குள் யாரோ
உரைகல்லில் தங்கம் உரசுகிறார்கள்.
மஞ்சளாய் ஒரு கோடு.
அப்புறம் அதன்மேல் அமிலச் சொட்டு.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள்.
ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.
அந்த ஒன்றுமில்லைக்கு நாலாயிரத்து எண்ணூறு.
முதலாளி கொடுத்துவிட்டு
மாதம் ஐந்நூறாகப் பிடித்துக்கொண்டார்.

நகையோடு வருகிறவர்கள் கண்ணில்
நெற்றியை இறுக்கிய என் துண்டுதான் முதலில் படும்.
கழுத்திலிருந்து கழற்றும்போதே
வைத்தியம் தொடங்கிவிடும்.
தங்கள் கஷ்டத்தைப் பேசுவதைவிட
என் மண்டையைப் பேசுவது அவர்களுக்கும் சுலபம்.

சுக்கை வெந்நீரில் இழைத்துப் பொட்டில் பற்றுப் போடுங்க,
கண்ணுல பட்டுறாம:
ஒன்றரைப் பவுன் சங்கிலி, தேவகோட்டை ரஸ்தா.

மிளகை ஊசியில குத்தி விளக்குல சுட்டு
புகையை மூக்கால இழுங்க:
கல்வைத்த தோடு, ஒரு கல் இல்லை.

ஷேர் ஆட்டோ ஆவுடையப்பனுக்கு
மோதிரம் கழலவில்லை.
சோப்புத் தண்ணீரில் விரலைத் திருகிக்கொண்டே
"டீயைக் குறைங்கண்ணே, நாளைக்கு எட்டு குடிக்கிறீங்க" என்றான்.
மோதிரம் வந்தது.
டீயும் வந்தது. இருவரும் குடித்தோம்.

எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன்.
சீட்டின் முன்பக்கம் எடை, கழிவு, வட்டி.
பின்பக்கம்
வெற்றிலைச் சாறு, தும்பைப் பூ,
சனிக்கிழமை நல்லெண்ணெய்.
எண்ணெய்க்கு இரண்டு நாள் அடங்கியது.
கிராம்புத் தைலத்துக்குத் தோல்தான் உரிந்தது.
"உங்க மூக்குக்குப் போக மிஞ்சின மிளகை
ரசத்துக்குக் கொடுங்க" என்றாள் வள்ளிமயில்.

பஞ்சவர்ணம் எதுவும் சொல்லவில்லை.
புதுவயல் ஆலையில் நெல் அவிக்கிறவள்.
மகனுக்குப் பாலிடெக்னிக் பணம் கட்ட
ஜிமிக்கி ஒரு ஜோடி,
நாலு கிராம் நூற்றிருபது மில்லி.
துண்டைப் பார்த்தாள், சீட்டை மடித்தாள், போனாள்.

அடுத்த மாதம் வட்டியோடு ஒரு தலையணை வந்தது.
அரிசிப் பைத் துணி,
ஓரத்தில் பாதி அச்சான மயில்.
உள்ளே உலர்ந்த நொச்சி இலை.
எவ்வளவு என்று கேட்டேன்.
"தலைக்கு வச்சுப் பாருங்க."

காட்டம். கண்மாய்க் கரையில் மாடு மிதித்த பச்சை வாசம்.
அன்று ஏழு மணி நேரம் தூங்கினேன்.
கனவில்கூடத் தராசு வரவில்லை.
வாரத்துக்கு ஒரு நாள் என்றானது வலி.

பிறகு அவள் வரவில்லை.
பதிவுத் தபாலில் போன நோட்டீஸ்
'விலாசத்தில் இல்லை' என்று திரும்பியது.
ஆலையில் கேட்டால் திருப்பூர் என்றார் ஒருவர்,
ஆஸ்பத்திரி என்றார் இன்னொருவர்.

ஏலப் பட்டியலை என் கையால்தான் எழுத வேண்டும்.
நானூற்றுப் பதினேழுக்கு வந்ததும்
புருவத்துக்குள் உரசல்.
அந்த வரியை விட்டுவிட்டு
அடுத்த எண்ணுக்குப் போனேன்.
வட்டியை நான் கட்டினேன். மறு மாதமும்.
சம்பளத்தில் குறைகிறதே என்றாள் வள்ளிமயில்.
மருந்துக்கு என்றேன்.
பொய்யில்லை.

இப்போது இலையெல்லாம் தூளாகிவிட்டது.
முகத்தைப் புதைத்தால்
வெறும் அரிசிப் பை வாசம்.
செவ்வாய்க்கிழமை வலி வந்தது, வியாழனும் இருந்தது.

கோவிலூர் சாலை வேலியில் நொச்சி ஒடித்து வந்து
கட்டிலுக்கடியில் தினத்தாள் விரித்துப் பரப்பியிருக்கிறேன்.
கடை விட்டு வந்ததும்
குனிந்து ஓர் இலையை நசுக்கிப் பார்க்கிறேன்.
இன்னும் ஈரம்.
குனிந்தால் தலை தெறிக்கிறது.

நிழலில் எத்தனை நாள் என்று
கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.
அவள் சீட்டின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது.