நூற்றுக்கு இரண்டு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தை விட்டுப் பதினோரு நாள்.
கை இன்னும் தராசு தேடுகிறது.

வெள்ளைக் கோட்டு, காய்ந்த எடை முந்நூற்று நாற்பது.
நூற்றுக்கு இரண்டென்றால்
ஆறு புள்ளி எட்டு கிராம் நீலம்.
ஸ்பூன் நீட்டினாள் கீழ்வீட்டு நஸ்ரத்.
வேண்டாம், அது நீலத்துக்கு ஒரு கணக்கு சொல்லும்
மஞ்சளுக்கு வேறு சொல்லும்.

ஓரத்தில் ஒரு இழை உருவிக் கொளுத்தினேன்.
காகிதம் எரிந்த வாசனை. பருத்தி.
கொதிக்க வைக்காத சாயம் போதும்.
முடி கருகிய நாற்றமென்றால் பட்டு,
வினிகருக்கு ஓடியிருப்பேன்.

சத்துவாச்சாரி போர்த் தண்ணீரில் சாயம் திரிந்துபோகும்.
முப்பத்தைந்து ரூபாய்க் கேனை
மொட்டைமாடியில் வைத்தேன்.
மே மாத வேலூர்தான் அதற்கு அடுப்பு.
"குடிக்கிற தண்ணிடீ!"
கல்லுப்பு. கொஞ்சம் பொறுத்துச் சலவைச் சோடா.
ஒரு மணி நேரம் கிளறல்.

ஏழாவது அலசலில் தண்ணீர் தெளிந்தது.
நீலம் நினைத்தபடியே,
தையல்களைத் தவிர.
துணியைக் கொளுத்திப் பார்த்தவள்
தையல் நூலைப் பார்க்கவில்லை.
பாலியஸ்டர். ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

இடது பைக்குக் கீழே
கோணலாய் ஒரு வெள்ளைக் கோடு.
பேரணாம்பட்டுக்காரர் ஒருவர்
மகளின் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லச் சொல்லி
பையைப் பிடித்துக்கொண்டு விடாத அன்று
கிழிந்தது.
காட்பாடி பஸ்ஸில் நானே தைத்தது.
வெள்ளைமேல் வெள்ளை,
எட்டு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை.

நீல மார்க்கர் இருக்கிறது. மூடியைக்கூடத் திறந்தேன்.

பிறகு கொடியில் போட்டேன்
இடது பக்கம் தெருவைப் பார்க்க.