அரைக் கட்டை

பகலெல்லாம் மருந்துக்கடை. ராத்திரி விமர்சனம்.
நூற்றைம்பது சொல்லுக்கு மேல் இடமில்லை என்று
ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிட்டார்,
மீதிக் கட்டத்தில் மிக்ஸி விளம்பரம்.

"பதினோராம் நம்பர் ஷெட்." இசை நாடகம்.
தோட்டப்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபம், சனிக்கிழமை.
தோல் ஷாப்பில் ஐந்து பேர்
சம்பளம் வராத அன்றைக்குப் பாடத் தொடங்குகிறார்கள்.
கதை அவ்வளவுதான்.
சுண்ணாம்புத் தொட்டிக்கு இரண்டு நீல டிரம்,
தோலுக்கு நனைத்த சாக்கு.
முன்வரிசையில் ஆம்பூர்க்காரர் ஒருவர்
சாக்கைத் தூக்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்,
பழக்கத்தில்.
அதைவிட நல்ல விமர்சனம் எனக்கு வராது.

ஆனாலும் எழுதினேன்:
"இரண்டாம் பாகம், கூலிப் பாட்டு.
மூன்றாம் அடியில் தெபோராள் சுருதி இறங்குகிறார்.
கடைசிவரை ஏறவில்லை.
ஆல்பத்தில் இந்தக் குறை இல்லை. வாங்கலாம்."
கீழே புனைபெயர்.
எண்ணிப் பார்த்தேன், நூற்று நாற்பத்தொன்பது.
ஒரு சொல் மிச்சம் பிடித்ததில்
ஒரு சின்ன கர்வம்கூட.

செவ்வாய்க்கிழமை, ஓ.பி. விடும் நேரம்.
வங்காளத்திலும் தெலுங்கிலும் நம் தமிழிலும்
கண்ணாடிமேல் சீட்டுகள் நீள்கின்றன.
ஒன்றில்: தெபோராள், 41, காகிதப்பட்டறை.
குரல்நாண் வீக்கம். மூன்று வாரம் பேசக் கூடாது.

பத்து மாத்திரையை எண்ண
எனக்கு இரண்டு தடவை ஆயிற்று.
அவள் கையை நீட்டிப் பேனா கேட்டாள்.
சீட்டின் பின்பக்கம் எழுதினாள்,
பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்து:

*உங்க ஆசிரியர் எங்க அண்ணிக்குத் தம்பி.
அதனால பேரு தெரியும்.
அன்னிக்கு முனிரத்தினம் அண்ணன் பொட்டியில
ஒரு ரீடு செத்துப்போச்சு.
அஞ்சரைக் கட்டையில வாசிக்க முடியல,
பாட்டு நடுவுலயே அஞ்சுக்கு எறங்கிட்டாரு.
என்னைப் பாக்கக்கூட இல்ல.
நானும் எறங்கிட்டேன்.
நாங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் இருந்தோம்.
நீங்க எங்க இருந்தீங்க?*

பின்னால் ஒருவர், இன்சுலின் இருக்கா என்றார்.

எங்கே இருந்தேன்.
அந்த வாரம் முழுக்க சத்துவாச்சாரி பஸ்ஸில்
காதுக்குள் ஆல்பம்.
நாடகத்துக்குப் போகும்போதும் அதைக்
காதிலிருந்து எடுத்தேனே தவிர
கழற்றிவைக்கவில்லை போலிருக்கிறது.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.
சாப்பாட்டுக்கு அப்புறம்."
எனக்கு வந்தது இவ்வளவுதான்.
அவள் தலையசைத்தாள்.
மீதி இரண்டு ரூபாய்க்கு இருமல் மிட்டாய் கொடுத்தேன்,
சில்லறை இல்லாமல்தான்.

அன்றிரவு பஸ்ஸில் அதே பாட்டு.
ஆல்பத்தில் ஆர்மோனியம் கிடையாது, கீபோர்டு.
ரீடு சாகாது, யாரும் எங்கேயும் இறங்கவேண்டாம்.
மூன்றாம் அடி வந்தது.
ஐந்தரைக் கட்டையில், பிசகே இல்லாமல்,
தெபோராள் நின்றுகொண்டிருந்தாள்
தனியாக.